கிளை நூலகத்தில் பண்டிகைக் கதை நேரம்: எந்தப் பண்டிகை, எந்த நாள், எந்த முறை?

காவிரிப் படுகையில் உள்ள எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டில் ஒருமுறையேனும் பண்டிகையை ஒட்டிக் கதை நேரம் நடத்துவது என்று தீர்மானித்தபோது, எந்தப் பண்டிகை என்பது எங்களுக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தீபாவளி என்றார். மற்றவர்கள் தலையசைத்துவிட்டுச் செலவுக் கணக்குக்குப் போய்விட்டோம். அப்போது நூலகர் நாட்காட்டியை எடுத்து மேசையில் விரித்தார். தீர்மானம் அங்கேயே கலைந்தது. அது மீண்டும் கூடிவர இன்னும் இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. அந்தக் கூட்டங்களில் எடைபோட்டுப் பார்த்தவற்றையும், பின்னர் நடத்திப் பார்த்ததில் தெரியவந்தவற்றையும், இதே எண்ணத்தில் இருக்கும் பிற ஊர் வாசகர் வட்டத்தாருக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வசதியை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே கூடம், இரண்டு ஜமுக்காளம், நெருக்கி உட்கார்ந்தால் இருபது குழந்தைகளுக்கு இடம். நூலகர் ஒருவர்தான், கதை நடக்கும்போதும் செய்தித்தாள் படிக்க வருபவர்களையும் புத்தகம் திருப்பித் தருபவர்களையும் அவரே கவனித்தாக வேண்டும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அத்தகைய இடங்களில் ஒரு பண்டிகை தவறினால் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம். கிளை நூலகத்தில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நடத்துவதற்கே ஆள்பலம் போதாது என்பதால், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது கனமான முடிவாகிவிடுகிறது.

பண்டிகைகளை ஒப்பிடும்போது நாங்கள் முதலில் பார்த்தது கதையை: அந்தப் பண்டிகைக்கு உரியதாகச் சொல்லப்படும் கதை நான்கு வயதுக் குழந்தைக்கு எட்டுமா, அதில் வரும் பொருள்களை அது தொட்டுப் பார்த்திருக்குமா என்பது. அடுத்தது நாள், நூலகம் திறந்திருக்கும் நாளில் குழந்தையும் ஊரில் இருக்க வேண்டும் அல்லவா? மூன்றாவது, அந்தப் பண்டிகையைக் கொண்டாடாத வீட்டிலிருந்து வரும் குழந்தை ஜமுக்காளத்தின் ஓரத்தில் விருந்தாளிபோல உட்கார நேருமா என்பது. இவை மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல என்பது போகப் போகத்தான் விளங்கியது.

தீபாவளியின் பெரிய பலம் குழந்தையின் ஆவல். ஆயுத பூஜை முடிந்ததுமே துணிக்கடைப் பைகள் வீட்டுக்குள் வரத் தொடங்கிவிடுகின்றன. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணத் தெரியாத பிள்ளையும் தினம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஆனால் கதை என்று வரும்போது நம் கைக்கு முதலில் கிடைப்பது நரகாசுரன் கதைதான். பூமாதேவியின் மகன் ஒருவன் உலகத்தாருக்குக் கொடுமை செய்கிறான், பூமாதேவியின் அவதாரமான சத்தியபாமாவோடு கண்ணன் போருக்குப் போகிறான், மகன் மாள்கிறான், தான் இறந்த நாளை மக்கள் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்கிறான். பத்து வயதுப் பிள்ளைகளோடு இதை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். நான்கு வயதுப் பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அவங்க அம்மாவே ஏன் கொன்னாங்க? அதையும் தன் தாயின் மடியில் உட்கார்ந்துகொண்டே கேட்கும். அதற்கு நேர்மையாகவும் அந்த வயதுக்கு ஏற்றதாகவும் விடை சொல்லக்கூடியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

புராணத்தை விட்டுவிட்டு வீட்டுத் தீபாவளியைக் கதையாக்கலாம் என்று ஆசிரியை வாதாடினார். அது நியாயமான வாதம். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறுத்துக் கொல்லைப்புறம் முழுக்க ஓடும் பையன், தீபாவளி லேகியத்தைத் துப்பிவிட்டு மைசூர்பாகுக்குக் கை நீட்டும் சிறுமி என்று அவர் சொல்லிக் காட்டியபோது பெரியவர்களாகிய நாங்களே சிரித்தோம். இடையூறு கதையில் இல்லை, கதை முடிந்த பிறகு தொடங்கும் பேச்சில் இருக்கிறது. குழந்தைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி உனக்கு எத்தனை டிரஸ் என்பது. இரண்டாவது, உங்க வீட்டில் எவ்வளவு வெடி என்பது. மூன்று ஜோடித் துணி எடுத்த வீட்டுப் பிள்ளையும், இன்னும் எடுக்காத வீட்டுப் பிள்ளையும், தீபாவளியே இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த இரண்டு கேள்விகளையும் கதை சொல்பவரால் தடுக்க முடியாது.

மழை வேறு இருக்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20 என்று இடம் மாறிக்கொண்டே இருந்தாலும், எங்கே விழுந்தாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தையோ அதன் வாசலையோ ஒட்டியே விழுகிறது. எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பது என்பது வானத்தோடு பந்தயம் கட்டுவதுதான். மூன்று வயதுக் குழந்தையை யாரும் குடையின் கீழ் நடத்தி அழைத்து வரமாட்டார்கள். பட்டாசு வெடிக்க ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டுமே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்த பிறகும், எங்கள் தெருப் பையன்கள் ஒரு வாரம் முன்னதாகவே வெள்ளோட்டம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கதையின் நடுவே வெளியே ஒரு வெடி வெடித்தால் சின்னக் குழந்தைகளில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் வாசலுக்கு ஓடுவார்கள்.

நவராத்திரியை முன்வைத்தவர்கள் கொலுவைக் காரணமாகக் காட்டினார்கள். கொலுப்படி கதை சொல்வதற்கென்றே அமைந்த ஏற்பாடு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. செட்டியார் பொம்மையையோ மரப்பாச்சியையோ கையில் எடுத்தால் போதும், இவர் எங்கிருந்து வந்தார் என்று குழந்தையே கதையைத் தொடங்கி வைத்துவிடும். காலாண்டுத் தேர்வு விடுமுறையும் பெரும்பாலும் அதை ஒட்டி வருகிறது. ஆனால் அதன் முக்கியமான இரண்டு நாள்களும் அரசு விடுமுறை என்பதால் நூலகம் பூட்டியிருக்கும். அதிலும் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுத் தொடக்கூடாது என்பதே பல வீடுகளின் வழக்கம். புத்தகத்தைத் தொடக்கூடாத நாளை ஒட்டி நூலகத்தில் கதை நேரமா என்று நூலகர் சிரித்தார்.

சிரிப்பை விடப் பெரிய தடை ஒன்று உண்டு. பொது நூலகம், 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த நூலக வரியால், அதாவது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் சேரும் பணத்தால் நடப்பது. அந்தப் பத்து பைசாவைக் கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் மாதா கோயில் தெருவும் ஒன்றுபோலவே கட்டுகின்றன. கூடத்தின் நடுவே ஒரு சமயத்தின் வழிபாட்டுப் படியைக் கட்டி வைத்துவிட்டு, எல்லாக் குழந்தைகளும் வாருங்கள் என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. படியை விட்டுவிட்டுப் பொம்மைகளை மட்டும் கடன் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவை எந்த மாதத்திலும் கதைக்கு உதவும்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் முதலில் தர நினைத்ததை விட அதிக மதிப்பெண் தர வேண்டியிருந்தது. ஊருக்குத் தங்க வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை, மாட்டுத் தொழுவத்தில் குழந்தை பிறக்கிறது, வைக்கோலே படுக்கை, ஆடு மேய்ப்பவர்கள் பார்க்க வருகிறார்கள், மேலே ஒரு நட்சத்திரம். இந்தக் கதையில் படுகைக் குழந்தைக்குத் தெரியாத பொருள் ஒன்றுகூட இல்லை. வேளாங்கண்ணிக்கு ஒருமுறையாவது போய்வராத குடும்பம் எங்கள் பகுதியில் குறைவு என்பதால், குடிலும் நட்சத்திர விளக்கும் மற்ற சமயத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் பழகியவைதான். நாளும் வாய்ப்பானது: அரையாண்டுத் தேர்வு முடிந்து, டிசம்பர் கடைசி வாரம் முழுவதும் பள்ளி விடுமுறை, நூலகமோ 25-ஆம் தேதியையும் வழக்கமான வார விடுமுறையையும் தவிர்த்துத் திறந்தே இருக்கிறது. குறை எங்கே என்றால், கடையில் கிடைக்கும் படப் புத்தகங்களில் பெரும்பாலானவை தொழுவத்தை விட்டுவிட்டுப் பனியையும் கலைமான் வண்டியையும் காட்டுகின்றன. பார்க்காத ஊரைப் பற்றிய கதை குழந்தைக்கு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு கதை நேரம் என்னும்போது அதைப் பனிக்குச் செலவிட மனம் வரவில்லை.

ரமலானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிறை பார்க்க மாடிக்கு ஓடுவதும், நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் தெருத்தெருவாகப் போவதும் அருமையான கதைப் பொருள்கள். ஆனால் பெருநாள் 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31 என்று ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. பிறை தெரிந்தால்தான் நாளும் உறுதியாகும். நோன்பு மாதத்து மாலையில் வைக்கலாம் என்றால், நோன்பு திறக்கும் ஏற்பாட்டில் இருக்கும் அந்த வீட்டுத் தாய்மாரால்தான் அப்போது வரமுடியாது. அந்தக் கஞ்சியை வீட்டில் காய்ச்சிப் பகிர்ந்தவர் ஒருவர் வந்து சொல்லச் சம்மதித்தால் தனியாக நடத்துவது, வெளியாள் ஒருவர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை என்று ஒதுக்கி வைத்தோம்.

பொங்கலுக்கு எதிராகச் சொல்லப்பட்டது, அதற்குக் கதையே இல்லை என்பது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் உண்மைதான். நரகாசுரனைப் போல ஊரறிந்த ஒரு கதை பொங்கல் நாளுக்கு இல்லை. ஆனால் இந்த வயதுக் குழந்தைகளுக்கு அதுவே வசதி என்பது என் கருத்து. தோற்றக் கதை ஒன்று முன்னே வந்து வழிமறிக்காததால், பானை, பச்சரிசி, மஞ்சள் கொத்து, கரும்பு, மாடு, கன்று என்று கையில் எட்டும் பொருள் ஒவ்வொன்றிலிருந்தும் கதைக்குள் நுழைய முடிகிறது.

மாட்டுப் பொங்கலுக்குப் பாட்டிமார் சொல்லும் காளைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் தன் காளையை அழைத்து, பூமியில் உள்ளவர்கள் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், மாதம் ஒருமுறை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்புகிறார். காளை வழியில் குழம்பிப்போய், நாள்தோறும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. அவ்வளவு சோற்றுக்கு நெல் வேண்டுமே, நீயே போய் உழுது கொடு என்று காளை வயலுக்கு வருகிறது. யாரும் சாகாமல், ஒரு செய்தி தலைகீழாகிப் போனதால் மட்டுமே நகரும் கதை இது. வீட்டில் சொல்லி அனுப்பியதைக் கடையில் மாற்றிச் சொல்லிவிட்டு வரும் வயது என்பதால், காளையின் நிலை அவர்களுக்கு உடனே புரிகிறது. சிவன் பெயரைச் சொல்லலாமா, நூலக வரி பேசியவர் நீங்கள்தானே என்று என்னை மடக்கினார்கள். சொல்லலாம் என்றே நினைக்கிறேன். இந்தக் கதையில் அவர் வழிபடு தெய்வமாக வருவதை விட, சொன்னதைக் காதில் வாங்காத வேலையாளிடம் அகப்பட்ட முதலாளியாகவே வருகிறார்.

அதைவிட நன்றாக எடுபடுவது, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. பண்டிகைக் கதை என்று யாரும் இதைச் சொல்வதில்லை. ஈ முதலில் கன்றிடம் போய் என் பெயர் என்ன என்று கேட்கிறது. கன்றுக்குத் தெரியாமல் தாய்ப்பசுவிடம், பிறகு மேய்க்கும் இடையனிடம், அவன் கைக் கோலிடம், கோல் வளர்ந்த மரத்திடம், மரத்துக் கொக்கிடம், கொக்கு வாழும் குளத்திடம், குளத்து மீனிடம், மீன் பிடிக்கும் வலைஞனிடம், அவன் கைச் சட்டியிடம், சட்டி செய்த குயவனிடம், குயவன் கை மண்ணிடம், மண்ணில் முளைத்த புல்லிடம் என்று போய், கடைசியில் புல் தின்னும் குதிரை கனைத்த ஈ என்னும் ஒலியில் தன் பெயரைக் கண்டுபிடிக்கிறது. ஊருக்கு ஊர் வரிசை சற்று மாறும். கன்று, பசு, மேய்ப்பவன், குளம், சட்டி, குயவன், மண் என்று பொங்கலுக்கு வேண்டியவை அத்தனையும் இதற்குள்ளேயே வரிசையாக நிற்கின்றன. கரும்பும் அரிசியும் மட்டுமே பாக்கி. குயவன் வரும் இடத்தில் கதையை நிறுத்தி, துணிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த பொங்கல் பானையை எடுத்து நடுவில் வைத்தால், அதன் பிறகு வரிசையைச் சொல்வது நாமாக இருக்கமாட்டோம். ஒவ்வொரு முறையும் கன்றிலிருந்து திரும்பத் தொடங்கி, மூச்சு முட்ட முட்டக் குழந்தைகளே சொல்வார்கள். தீபாவளிப் பையன் கதையைக் குழந்தை கேட்கிறது. இந்தக் கதையைக் குழந்தை சொல்கிறது. எங்கள் ஒப்பீட்டில் தராசு சாய்ந்த இடம் இதுதான்.

பொங்கல் எல்லார்க்கும் பொது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சூரியனுக்குப் படைக்கும் சடங்கு அதில் இருக்கிறது. அதனாலேயே பானை வைக்காத குடும்பங்களும் உண்டு. மாதா கோயில்களில் பொங்கல் வைக்கும் ஊர்களும் உண்டு, வைக்காத ஊர்களும் உண்டு. ஆயினும் பானையும் மாடும் வயலும் படைப்பவர் வீட்டிலும் படைக்காதவர் வீட்டிலும் இருப்பவை. இன்னொன்றும் உண்டு: அண்மை ஆண்டுகள் பலவற்றில் நியாயவிலைக் கடையில் பொங்கல் பரிசுத் தொகுப்போடு முழுக்கரும்பு ஒன்றும் தரப்பட்டதால், உங்கள் வீட்டில் கரும்பு வந்துவிட்டதா என்ற கேள்விக்கு ஜமுக்காளத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பதில் இருக்கிறது. புதுத்துணிக் கேள்வியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நாள். இங்கேதான் பொங்கல் தடுமாறுகிறது. எங்களைப் போன்ற கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பொங்கல் சனவரி 14 அல்லது 15 என்பதால், அதற்கு முந்திய சனிக்கிழமை ஏறக்குறைய எப்போதும் இரண்டாம் சனிக்கிழமையாகவே அமைந்துவிடும்: 2024-இல் 13, 2025-இல் 11, 2026-இல் 10. எனவே முந்திய ஞாயிறு ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதுவும் 2024-இல் 14-ஆம் தேதி போகியாக விழுந்தது. வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் நாளில் எந்தத் தாயும் நூலகத்துக்கு வரமாட்டார். 2025-இல் 12, 2026-இல் 11 என்று பொங்கலுக்கு இரண்டு, நான்கு நாள் முன்னதாக வந்தவை நல்ல ஞாயிறுகள். பொங்கலுக்குப் பிந்திய ஞாயிறை எடுத்துக்கொண்டால் வேறொரு நன்மை இருக்கிறது. பண்டிகைக்கு முன் வரும் குழந்தை எதிர்பார்ப்போடு வருகிறது. பின்னர் வரும் குழந்தை சொல்வதற்கு விஷயத்தோடு வருகிறது. எங்க வீட்டுப் பானை இப்படிப் பொங்கிச்சு என்று கையை விரித்துக் காட்டும் குழந்தைக்கு நாம் பாதிக் கதைதான் சொல்ல வேண்டியிருக்கும்.

முன்னா பின்னா என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். பொங்கலுக்கு ஆள்கள் கிளம்பிப் போகும் ஊரும் உண்டு, வந்து சேரும் ஊரும் உண்டு. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் போகிக்கு முந்திய இரவே பேருந்து நிலையம் நிரம்பிவிடுகிறது. காணும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் மூட்டையுமாகத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அங்கே பொங்கல் கதை நேரம் என்றால் அதற்கும் முந்திய வாரமே வைக்க வேண்டும். அல்லது பொங்கலையே விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறைக்குப் போவது நல்லது. எங்களைப் போன்ற சிற்றூர்களில் நிலைமை நேர்மாறு: பொங்கல் நாள்களில்தான் சென்னை, திருப்பூர், கோவையிலிருந்து பேரப் பிள்ளைகள் வந்து நிறைகிறார்கள். ஆனால் அந்த நாள்களில் நூலகம் பூட்டியிருக்கிறது. முந்திய ஞாயிறு வைத்தால் உள்ளூர்க் குழந்தைகள் மட்டும் கிடைப்பார்கள். அவர்களுக்குத்தான் ஆண்டு முழுவதும் இந்த நூலகம் என்பதால், அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போட்டியும் இருந்தது. வார நாளில் காலையில் அங்கன்வாடிப் பணியாளர் தம் குழந்தைகளை வரிசையாக அழைத்து வரலாம். ஞாயிறன்று வருவது, ஏற்கெனவே வீட்டில் புத்தகம் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்தாம் என்பதை முதல் ஆண்டே பார்த்துவிட்டோம். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெற்றோரின் குழந்தைகள் அங்கன்வாடி வழியாகத்தான் நூலகத்தின் படியேறுவார்கள். அதே வேளையில், அங்கன்வாடிக் குழந்தையோடு பெற்றோர் வருவதில்லை. உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. கதை முடிந்ததும் புத்தகம் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் அங்கன்வாடிக் காலையையே தேர்ந்தெடுப்பேன். வட்டத்தில் பெரும்பான்மையோர் ஞாயிறு என்றார்கள். இப்போது இரண்டும் நடக்கிறது. அதே கதை, அதே பானை, நான்கு நாள் இடைவெளியில்.

முறையைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. திரையில் படக்கதை ஓட்டுவதை எளிதில் ஒதுக்கிவிட்டோம். வீட்டில் கைப்பேசியில் பார்ப்பதை இங்கே பெரிதாகப் பார்க்க வருவதில் குழந்தைக்கு ஒன்றும் புதிதில்லை. மிஞ்சியவை இரண்டு: புத்தகம் இல்லாமல் வாய்மொழியாகச் சொல்வது, படப் புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் விரித்துப் பிடித்துப் படிப்பது. வாய்மொழிக்குக் கண்ணும் கையும் விடுதலையாக இருக்கும். இருபது பேரையும் பார்த்துச் சொல்லலாம். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டால் பதினைந்து பேரைத் தாண்டியதும் பின்வரிசைக்குப் படம் தெரியாது. தெரியலையே தெரியலையே என்று எழுந்து வந்துவிடுவார்கள். ஆனால் நூலகத்துக்கு வந்த குழந்தை ஒரு புத்தகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனால், கதையை அரசமரத்தடியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நூலகர் கேட்டார். அதற்கு மறுமொழி இல்லை.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. படப் புத்தகத்தில் மாடு வயலுக்குச் சென்றது என்று அச்சாகியிருக்கும். மூன்று வயதுக் குழந்தை மாடு வயலுக்குப் போச்சு என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கும். படிக்கும்போதே பேச்சு மொழிக்கு மாற்றிவிடுவது ஒரு வழி. பலர் அதைத் தம்மை அறியாமலே செய்கிறார்கள். அச்சிலிருப்பதை அப்படியே படிப்பது இன்னொரு வழி. வாய்மொழிக் கதை முழுவதையும் பேச்சு மொழியில் சொல்லிவிட்டு, புத்தகத்தை மட்டும் அச்சில் உள்ளபடியே, ஆனால் பாட்டுப்போல நிதானமாகப் படிப்பது நல்லது என்பது என் அனுபவம். சென்றது என்ற சொல் அந்தக் குழந்தைக்கு அன்றைக்குப் புரியாவிட்டாலும், படத்தில் மாடு போய்க்கொண்டிருப்பதால் பொருள் கிடைத்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில் அந்தச் சொல்லைக் கண்ணால் சந்திக்கும்போது அது ஏற்கெனவே காதுக்குப் பழக்கமாகியிருக்கும். வரிகள் குறைந்த புத்தகமாக இருப்பது முக்கியம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துக்கொள்ளத் தடையில்லை. முதல் படிநிலைக் கதை ஒன்றைப் பெரிய தாளில் வண்ணத்தில் அச்செடுத்து அட்டையில் ஒட்டியதில் பின்வரிசைப் பிரச்சினையும் ஓரளவு தீர்ந்தது. சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தோம். எல்லாம் சேர்த்து முப்பது நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்: ஒரு வாய்மொழிக் கதை, இரண்டு விடுகதை, ஒரு புத்தகம், பிறகு கைவேலை.

கைவேலைக்கு வண்ணம் தீட்டும் தாள், காகிதம் வெட்டி ஒட்டுதல், களிமண் என்று மூன்று யோசனைகள் வந்தன. தாள் மலிவு, ஆனால் எல்லாக் குழந்தைகளும் ஒரே பானைக்கு ஒரே நிறம் தீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அலுப்பு. கத்தரிக்கோல் இந்த வயதுக்கு வேண்டாம். குயவர் வீட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு கூடைக் களிமண் இவற்றையெல்லாம் தோற்கடித்தது. ஈயின் கதையில் வந்த மண் கையிலேயே கிடைத்துவிட்டதால், செய்தவற்றில் பாதி பானையாகவும் மீதி ஈயாகவும் இருந்தன. திண்ணையில் வைத்துச் செய்து, கைகழுவியே உள்ளே வர வேண்டும். கரும்பு விஷயத்தில் நாங்கள் தவறு செய்தோம். துண்டு நறுக்கிக் கூடத்துக்குள்ளேயே கொடுத்ததில், ஜமுக்காளத்தில் எறும்பு மூன்று நாள் குடியிருந்தது. இரண்டு புத்தகங்களின் அட்டையில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. இப்போது கரும்பு வாசலில், வீட்டுக்குப் போகும்போது, கையில் ஒன்று.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. குழந்தைகள் பிரிவுப் புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பெரியவர்களின் மார்பு உயரத்தில் நிற்கும்வரை அந்த விதி நடக்காது. கதை நாளன்று ஜமுக்காளத்தின் விளிம்பைச் சுற்றி, அட்டை மேலே தெரியும்படி இருபது புத்தகங்களைப் பரப்பி வைத்தால், களிமண் காயும் நேரத்துக்குள் ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் மடிக்குப் போய்விடுகிறது. இந்த ஓர் அளவில் பொங்கல் அரையாண்டு விடுமுறைக்குத் தோற்றுப்போகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் எடுத்துச் செல்லும் புத்தகத்தைப் படித்துக் காட்ட வீட்டில் ஓய்வான நாள்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு எடுத்துச் சென்றது, வெள்ளையடித்த வீட்டின் ஏதோ ஒரு பரணில் ஏறிக்கொண்டு மாசி மாதம்தான் திரும்பி வருகிறது. ஆகவே புத்தகம் வீட்டுக்குப் போவதே முதல் நோக்கம் என்று கருதுபவர்களும், பொங்கலுக்கு ஊர் காலியாகும் நகரங்களில் இருப்பவர்களும், தொழுவத்துக் கதையோடு டிசம்பர் கடைசி வாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கதையைக் குழந்தைகளே சொல்வது முதன்மையாகப் பட்டது. ஆதலால் பொங்கலுக்கு முந்திய ஞாயிறும், அந்த வாரத்து அங்கன்வாடிக் காலையும் நிலைத்துவிட்டன.

தீபாவளி என்று முதலில் சொன்ன ஆசிரியை இந்த முடிவை முழுமனதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் காளைக் கதையில், மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று காளை மாற்றிச் சொல்லும் இடம் வந்ததும் அவர் குறுக்கே புகுந்து, அப்படி அந்த மாதத்துக் குளியலுக்குக் கூப்பிட்டபோதுதான் ஒரு பையன் ஓடினான் பாருங்கள் என்று தம் தீபாவளிப் பையனைச் சனவரி மாதத்துக்கே அழைத்து வந்துவிட்டார். இப்போது அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி. அவனைக் கொல்லைப்புறத்தில் துரத்திப் பிடிக்கும் வேலை, ஈ வருவதற்கு முன்பு, இருபது குழந்தைகளுக்கும் தரப்படுகிறது.